படிக்கும் ஊரிலிருந்து வார இறுதிப் பயணம்: நண்பர்களோடும் அம்மா அப்பாவோடும் ஜெர்மனியைச் சுற்ற ஒரு முழுமையான வழிகாட்டி

ஜெர்மனிக்குப் படிக்க வந்த முதல் குளிர்காலத்தில் நாங்கள் போட்ட பயணத் திட்டம் இன்னும் என் போனில் இருக்கிறது. வெள்ளி இரவு பேருந்தில் பாரிஸ், சனி இரவு பிரஸ்ஸல்ஸ், ஞாயிறு ஆம்ஸ்டர்டாம், திங்கள் காலை எட்டரைக்கு வகுப்பு. ஏழு பேர் போனோம். பாரிஸில் பார்த்தது ஈபிள் கோபுரத்தின் அடிவாரமும் ஒரு நீண்ட கழிப்பறை வரிசையும்தான். ஞாயிறு மதியத்துக்குள் ஏழு பேரும் இரண்டு கட்சியாகியிருந்தோம். திங்கள்கிழமை நான் மட்டும் வகுப்புக்குப் போய்த் தூங்கினேன். மற்றவர்கள் அறையிலேயே தூங்கினார்கள்.

அதன் பிறகு நண்பர்களோடு முப்பது தடவைக்கு மேல், ஊரிலிருந்து வந்த அம்மா அப்பாவோடு ஐந்து வாரம் என்று சுற்றியதில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். பயணத் திட்டத்தைப் புறப்படும் ரயிலிலிருந்து எழுதக் கூடாது. திரும்பி வரும் ரயிலிலிருந்து பின்னோக்கி எழுத வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் அதை ஒட்டியவை. நான் படிப்பது ஆகன் நகரில். பெல்ஜியமும் நெதர்லாந்தும் நகரப் பேருந்து தூரத்தில் இருக்கும் ஊர் என்பதால் எடுத்துக்காட்டுகள் அங்கிருந்தே வருகின்றன. மியூனிக்கிலோ டிரெஸ்டனிலோ படிப்பவர்கள் ஊர்ப் பெயரை மாற்றிக்கொள்ளலாம், முறை மாறாது.

படி 1: காகிதங்கள்

மாணவருக்கான வதிவிட அட்டை இருந்தால் ஷெங்கன் நாடுகளில், அதாவது ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டத்தில், எந்த 180 நாட்களிலும் 90 நாட்கள் வரை சுற்றலாம். முதலில் வாங்கி வந்த தேசிய விசாவுக்கும், அது செல்லுபடியாகும் வரை, இதே உரிமை உண்டு. அட்டையோடு பாஸ்போர்ட்டும் கையில் இருக்க வேண்டும். 2024 செப்டம்பர் 16 அன்று ஜெர்மனி தன் நில எல்லைகள் அனைத்திலும் தற்காலிகச் சோதனையைக் கொண்டுவந்தது. பெல்ஜியத்திலிருந்து திரும்பும் ரயிலில் போலீசார் ஏறி நிற்கும்போது "படம் போனில் இருக்கிறது" என்பது பதிலாகாது.

பிரிட்டனும் அயர்லாந்தும் ஷெங்கனில் இல்லை, அவற்றுக்குத் தனி விசா வேண்டும். சுவிட்சர்லாந்து ஷெங்கனில் இருக்கிறது, ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. விசாவுக்குச் சிக்கலில்லை, போன் இணையத்துக்குச் சிக்கல் உண்டு. ஒன்றியத்துக்குள் 2017 முதல் கூடுதல் கட்டணம் இல்லாமல் உங்கள் இணைப்பு வேலை செய்கிறது. சுவிஸ் எல்லையைத் தாண்டும்போது உங்கள் நிறுவனத்தின் நிபந்தனையைப் படித்துவிட்டுத் தாண்டுங்கள்.

அட்டை காலாவதியாகி, புதியது வரும்வரை கொடுத்த இடைக்காலச் சான்று மட்டும் இருக்கிறதென்றால், நாட்டெல்லையைத் தாண்டும் முன் வெளிநாட்டவர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுவிடுங்கள். பதில் வரும்வரை ஜெர்மனிக்குள்ளேயே பார்க்க ஊர்கள் ஏராளம்.

படி 2: கையில் இருக்கும் டிக்கெட்டைப் புரிந்துகொள்ளுங்கள்

நாடு முழுவதும் செல்லும் மாத டிக்கெட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட் 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்தது. 2025 ஜனவரியில் 58 ஆனது, 2026 ஜனவரியில் 63. பல பல்கலைக்கழகங்களில் இதே டிக்கெட் மாணவர் விலையில் பருவக் கட்டணத்தோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. அதாவது நீங்கள் ஏற்கனவே பணம் கட்டிவிட்டீர்கள். அதைப் பயன்படுத்தாமல் வார இறுதி முழுவதும் விடுதியில் கிடப்பது, ஹாஸ்டல் மெஸ்ஸுக்குப் பணம் கட்டிவிட்டு வெளியே சாப்பிடுவது போன்றது.

இது எதில் செல்லும்? ஆர்.இ., ஆர்.பி. என்று தொடங்கும் வட்டார ரயில்கள், எஸ்-பான் என்ற நகர்ப்புற ரயில், சுரங்க ரயில், டிராம், நகரப் பேருந்து ஆகியவற்றில் நாடு முழுவதும் செல்லும். ஐ.சி.இ., ஐ.சி., இ.சி. என்ற தொலைதூர ரயில்களில் செல்லாது. செல்லும் ரயில்களிலும் இரண்டாம் வகுப்பில் மட்டும்தான். இந்தக் கடைசி வரியை ஒரு நண்பன் 60 யூரோ கொடுத்துக் கற்றுக்கொண்டான். ஞாயிறு மாலைக் கூட்டத்தில் நிற்க இடமில்லை, கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நான்கு இருக்கைகள் காலியாக இருந்தன. போய் உட்கார்ந்தான், எங்களையும் கையசைத்துக் கூப்பிட்டான். கதவில் இருந்த "1" என்ற எண்ணை அவன் பெட்டி எண் என்று நினைத்திருந்தான். பரிசோதகர் மிகவும் மரியாதையாகத்தான் ரசீது எழுதினார்.

ரயில் செயலியில் தேடும்போது வட்டார ரயில்களை மட்டும் காட்டும் வசதியை முதலிலேயே தேர்ந்தெடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் செயலி முதலில் காட்டும் வேகமான ரயிலை நம்பித் திட்டம் போட்டுவிட்டு, பிளாட்பாரத்தில் நின்றபடி அதை அழித்து எழுத வேண்டியிருக்கும்.

இந்த டிக்கெட் உங்கள் பெயருக்கானது. யாரையும் உடன் அழைத்துப் போக முடியாது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் மட்டும் இலவசம். டிக்கெட் இல்லாத நண்பர்கள் வேறு நாட்டிலிருந்து வந்தால் மாநில அளவிலான ஒரு நாள் குழு டிக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள். பவேரியாவின் டிக்கெட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட், வார நாட்களில் காலை 9 மணியிலிருந்து, சனி ஞாயிறுகளில் நள்ளிரவிலிருந்தே, மறுநாள் அதிகாலை 3 மணி வரை. ஐந்து பேரும் சேர்ந்தே போய்ச் சேர்ந்தே திரும்ப வேண்டும் என்பது அதில் எழுதப்படாத நிபந்தனை. சண்டை போட்டுக்கொண்டு பிரிந்தால் நால்வருக்கு டிக்கெட் இல்லை.

எல்லை தாண்டும்போது டிக்கெட் எந்த நிறுத்தம் வரை செல்லும் என்று பார்த்து, அதற்கு மேல் தனியாக வாங்குங்கள். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் வரை டாய்ச்லாண்ட் டிக்கெட் செல்லும், அது விலக்கு. பெல்ஜியத்தின் லியேஜ் வரை செல்லாது.

படி 3: கடைசிக்கு முந்தைய ரயில்

ஊரைத் தேர்ந்தெடுத்ததும் முதல் வேலை அங்கே என்ன பார்ப்பது என்று தேடுவதல்ல. அன்று இரவு அங்கிருந்து வீட்டுக்கு வரும் கடைசி இரண்டு இணைப்புகளைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். கடைசியை மறந்துவிடுங்கள். அது ஆபத்துக்கு. உங்கள் ரயில் கடைசிக்கு முந்தையது.

ஆகனுக்குத் தெற்கே ஐஃபெல் மலைப் பக்கம் ஒரு சின்ன நிலையத்தில் நாங்கள் கடைசி ரயிலுக்காகக் காத்திருந்தோம். ரயில் வரவில்லை. தண்டவாள வேலை, அதற்குப் பதிலாகப் பேருந்து என்று ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. பேருந்து நிற்கும் இடம் நிலையத்தின் மறுபக்கம். அந்தக் காகிதத்தை நாங்கள் படித்து முடித்தபோது பேருந்து எங்கள் கண்முன்னே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. அக்டோபர் இரவு, நான்கு பேர், கையில் ஒரு டப்பா எலுமிச்சை சாதம். டாக்சிக்குக் கொடுத்த பணத்தில் ஒரு வாரம் சாப்பிட்டிருக்கலாம்.

ஜெர்மனியில் பராமரிப்பு வேலைகள் இரவிலும் வார இறுதியிலும் குவிகின்றன. அதனால் வெள்ளி இரவு ஒரு முறை, சனி காலை கிளம்பும் முன் ஒரு முறை, திரும்பும் இணைப்பை மறுபடியும் சரிபாருங்கள். பதிலிப் பேருந்து என்று காட்டினால் கூடுதலாக ஒரு மணி நேரம் வையுங்கள்.

இப்போது பின்னோக்கி எண்ணுங்கள். ரயில் மாலை 7.15 என்றால் 6.45க்கு நிலையம். 5.30க்குச் சாப்பாடு. காலையில் கிளம்பிப் பதினொன்றரை, பன்னிரண்டுக்குப் போய்ச் சேர்ந்தால் ஊரில் கிடைப்பது ஐந்தரை, ஆறு மணி நேரம். அதில் இரண்டு இடம் பார்க்கலாம், மூன்றாவது கிடைத்தால் லாபம். ஒரு வழிக்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் ஊரை ஒரு நாளில் முடிக்கக் கூடாது என்பது என் கணக்கு. அதற்கு மேலானால் இரவு தங்க வேண்டும், இல்லையென்றால் வேறு ஊர்.

வெளிச்சத்தையும் கணக்கில் சேருங்கள். ஜூன் கடைசியில் ஆகனில் சூரியன் மறைய ஏறக்குறைய இரவு 10 ஆகும். டிசம்பரில் மாலை நாலரைக்கே இருட்டிவிடும். கோடையில் மலையும் ஆறும், குளிர்காலத்தில் அருங்காட்சியகமும் கிறிஸ்துமஸ் சந்தையும் என்று பிரித்துக்கொண்டால் ஏமாற்றம் குறையும். சந்தைகள் பெரும்பாலும் நவம்பர் பிற்பகுதியில் தொடங்கி கிறிஸ்துமஸுக்கு முன்பே மூடிவிடும். 26ஆம் தேதி போய் வெறும் பலகைகளைப் பார்த்தவர்களை எனக்குத் தெரியும்.

சனியா, ஞாயிறா? சனிதான். ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் கடைகள் மூடியிருக்கும். தண்ணீர் பாட்டில் வாங்கப் பெரிய ரயில் நிலையத்துக்குத்தான் போக வேண்டும். கிராமங்களுக்குப் போகும் பேருந்துகளும் அன்று குறைவு. சனி சுற்றிவிட்டு வந்தால் ஞாயிறு துணி துவைக்க, சாம்பார் வைக்க, வீட்டுப்பாடம் முடிக்க இருக்கும். சனிக்கிழமை வேலைக்குப் போகிறவர்கள் பலர் உண்டு. ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலைக்கு மாணவருக்கு அனுமதி இருக்கிறது. அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமையும் உயிரோடு இருக்கும் ஊர்கள் வேண்டும். அவற்றையும் கீழே சொல்கிறேன்.

படி 4: ஊரைத் தேர்ந்தெடுத்தல்

முதல் வார இறுதியில் எங்கும் போகாதீர்கள். நீங்கள் வாழும் ஊரையே வெளியூர்க்காரர் போலப் பாருங்கள். ஆகன் தேவாலயம் 1978இல் யுனெஸ்கோ முதன்முதலாக வெளியிட்ட உலகப் பாரம்பரியப் பட்டியலின் 12 இடங்களில் ஒன்று. 814இல் இறந்த சார்லமேன் பேரரசரை அடக்கம் செய்த இடம். அதைத் தினமும் கடந்து ஆய்வகத்துக்குப் போய்க்கொண்டே, மூன்று பருவம் வரை உள்ளே நுழையாத நண்பர்கள் எனக்கு இருந்தார்கள். பக்கத்திலேயே எலிசா ஊற்று. கந்தக வெந்நீர், அழுகிய முட்டை வாடை. விருந்தினரை முன்னறிவிப்பில்லாமல் அங்கே அழைத்துப் போவது எங்கள் வழக்கம்.

அடுத்து ஒரு மணி நேரத் தூரம். பேருந்தில் மோன்ஷாவ். ரூர் ஆற்றின் இரு கரையிலும் மரச்சட்டம் தெரியும் பழைய வீடுகள், ஸ்லேட் கல் ஓடுகள், ஒரு காலத்தில் கம்பளித் துணி வணிகத்தில் செழித்த ஊர். அங்கே 1882இலிருந்து நடக்கும் கடுகு அரைவை ஆலையில் பல வகைக் கடுகு விழுதைச் சுவைத்துப் பார்க்கலாம். ரயிலில் கொலோன். 1248இல் தொடங்கி 1880இல் முடித்த தேவாலயம், 157 மீட்டர் உயரம். தெற்குக் கோபுரத்துக்கு 533 படி, லிஃப்ட் கிடையாது. நண்பர்களோடு ஏறுங்கள், அம்மா அப்பாவைக் கீழே காபியோடு உட்காரவையுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்காரர்களுக்கு எல்லைக்கு அப்பால் இரண்டு ஊர்கள். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்டில் ஞாயிறு மதியமும் கடைகள் திறந்திருக்கும். ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தம் 1992 பிப்ரவரியில் கையெழுத்தான ஊர். அதைவிட எனக்குப் பிடித்தது, 13ஆம் நூற்றாண்டுத் தேவாலயம் ஒன்றுக்குள் இயங்கும் புத்தகக் கடை. லியேஜில் ஞாயிறு காலைதான் போக வேண்டும், மியூஸ் ஆற்றங்கரையில் லா பாட் சந்தை அன்றுதான் கூடும். சந்தை முடிந்ததும் 374 படிகள் ஒரே நேர்கோட்டில் ஏறும் பியூரன் தெருவுக்குப் போகலாம். இறங்கும் ரயில் நிலையமும் பார்க்கத்தக்கது. கலத்ராவா வடிவமைத்து 2009இல் திறந்தது, வெள்ளை எலும்புக்கூடு போன்ற கூரை.

ஒரு நாளைக்குள் அடங்கும் எல்லையில் கோப்லென்ஸ். கொலோனிலிருந்து போகும்போது ரயிலின் இடப்பக்கம் உட்காருங்கள். ரைன் ஆறு அந்தப் பக்கம்தான் ஓடுகிறது. வலப்பக்கம் உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் வீடுகளின் பின்வாசலைப் பார்த்துக்கொண்டு போக வேண்டியதுதான். மோசல் ஆறு ரைனில் கலக்கும் முனையிலிருந்து எதிர்மலைக் கோட்டைக்குக் கேபிள் கார் இருக்கிறது. முழங்கால் வலிக்காரர்களுக்கு ஏற்ற ஊர்.

இரவு தங்குவதானால் நண்பர்களோடு அல்டேனா கோட்டையைச் சொல்வேன். உலகின் முதல் இளைஞர் விடுதி அந்தக் கோட்டையில்தான் பிறந்தது. இன்றும் அங்கே தங்கலாம். ஜெர்மன் இளைஞர் விடுதிகளில் தங்க உறுப்பினர் அட்டை வேண்டும், முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

படி 5: நண்பர்களோடு என்றால்

எண்ணிக்கை நான்கு. ரயிலில் எதிரெதிர் இருக்கை நான்கு பேருக்கு, உணவகத்தில் மேசை நான்கு பேருக்கு, டாக்சியில் இடம் நான்கு பேருக்கு. ஐந்தாமவர் வந்தால் யாரோ ஒருவர் எப்போதும் பக்கத்து மேசையில் இருப்பார். ஏழு பேருக்கு மேல் என்றால் அது பயணமல்ல, ஊர்வலம்.

பணத்தைப் பேசிவிட்டுக் கிளம்புங்கள். மாணவர் விசாவுக்கு முடக்கக் கணக்கில், அதாவது மாதாமாதம் ஒரு பங்கு மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கில், காட்ட வேண்டிய தொகை 2024 செப்டம்பர் முதல் ஆண்டுக்கு 11,904 யூரோ, மாதத்துக்கு 992. வாடகை, காப்பீடு, சாப்பாடு போக இதில் ஊர் சுற்ற மிஞ்சுவது எவ்வளவு என்று ஒவ்வொருவருக்கும் தெரியும், ஆனால் யாரும் சொல்ல மாட்டார்கள். ஒருவர் பெற்றோரிடமிருந்து வாங்குகிறார், இன்னொருவர் வங்கிக் கடனில் வந்திருக்கிறார். கடனில் வந்தவர் உணவகத்தில் "எனக்குப் பசிக்கவில்லை" என்று சொன்னால் மற்றவர்கள் புரிந்துகொள்ள வேண்டும். நாங்கள் கிளம்பும் முன்பே ஒரு உச்சவரம்பு வைத்துவிடுவோம். ஒரு நாளுக்கு 25 யூரோ. அதற்கு மேல் செலவாகும் எதையும் நால்வரும் ஒப்புக்கொண்டால்தான். ஒருவர் செலவழித்து ஒருவர் எழுதுவது எங்கள் ஏற்பாடு. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது.

சாப்பாடு கையில் இருந்தால் பாதிச் செலவு குறையும். புளியோதரை ஒன்றுதான் எனக்குத் தெரிந்த நம்பகமான பயணத் தோழன். தயிர் சாதம் கோடையில் ரயிலில் புளித்துவிடும், சப்பாத்தி டிசம்பரில் அட்டையாகிவிடும். குழாய்த் தண்ணீர் குடிக்கத்தக்கது, பாட்டிலை நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள். வழியில் பாட்டில் வாங்கினாலும் தூக்கி எறியாதீர்கள். பெரும்பாலான பிளாஸ்டிக் பாட்டில்களுக்கு 25 சென்ட் முன்பணம் உங்களுடையது. எந்த சூப்பர் மார்க்கெட் இயந்திரத்திலும் போட்டுத் திரும்ப வாங்கலாம். ஆனால் அது ஜெர்மன் பாட்டில்களுக்கு மட்டும், மாஸ்ட்ரிக்டில் வாங்கியதை ஆகன் இயந்திரம் துப்பிவிடும்.

சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பெல்ஜியத்தின் புகழ்பெற்ற பொரித்த உருளைக்கிழங்கு, பல கடைகளில் இன்றும் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிக்கப்படுகிறது. எண்ணெய் எது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். லியேஜில் இரண்டு பொட்டலம் சாப்பிட்ட பிறகு இதைத் தெரிந்துகொண்ட நண்பன் ஒருவன் ரயில் முழுக்கப் பேசவே இல்லை.

படி 6: அம்மா அப்பா வரும்போது

நண்பர்களோடு போகும் பயணத்தைப் பணத்தில் அளக்க வேண்டும். பெற்றோரோடு போவதைப் படிக்கட்டிலும் கழிப்பறையிலும் அளக்க வேண்டும்.

விசா வேலையை ஆறு மாதம் முன்பிருந்தே தொடங்கலாம். அதற்கு முன் விண்ணப்பம் வாங்க மாட்டார்கள். பெரியவருக்குக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கான பயண மருத்துவக் காப்பீடு கட்டாயம். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறார்களோ அந்த நாட்டின் விசாவுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். உங்களோடு 20 நாள், பாரிஸில் மூன்று நாள் என்றால் ஜெர்மனி. தங்களுடைய வங்கிக் கணக்கு, ஓய்வூதியச் சான்று ஆகியவற்றைக் காட்டி அவர்களே விண்ணப்பிப்பதுதான் மாணவர் வீட்டுக்கு எளிய வழி. வந்து இறங்கும் விமான நிலையத்தில் இப்போது முத்திரைக்குப் பதிலாகக் கைரேகையும் முகப்படமும் எடுக்கிறார்கள். முதல் தடவை வரிசை மெதுவாக நகரும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். வெளியே நீங்கள் நிற்கிறீர்கள் என்றும் சொல்லிவையுங்கள்.

அவர்களுக்கும் டாய்ச்லாண்ட் டிக்கெட் வாங்கலாம். அது காலண்டர் மாதத்துக்கானது, சந்தா முறையில் வருவது, நிறுத்த வேண்டுமானால் அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் ரத்துசெய்ய வேண்டும். என் பெற்றோர் ஏப்ரல் 28 அன்று வந்தார்கள். மூன்று நாள் வீட்டில் ஓய்வெடுக்கவைத்து மே 1இலிருந்து டிக்கெட் வாங்கினேன். ரத்துசெய்ய மறக்காமலிருக்க, வாங்கிய அன்றே போனில் நினைவூட்டலும் வைத்தேன். மறந்தால், அவர்கள் ஊருக்குப் போன பிறகும் ஜூன் மாதம் அப்பா ஜெர்மனியில் பயணம் செய்துகொண்டே இருப்பார்.

ஒரு நாள் வெளியூர், மறுநாள் வீடு. இந்தத் தாளத்தை மாற்றாதீர்கள். வெளியூர் நாளிலும் ஒரே ஊர். கரடுமுரடான கல் பாவிய தெருக்களில் செருப்போடு நடக்க முடியாது. அம்மாவுக்கு இங்கே வந்ததும் முதலில் வாங்கிக் கொடுத்தது ஒரு ஜோடி ஷூ. புடவையோடு ஷூவா என்று இரண்டு நாள் மறுத்தவர், மூன்றாம் நாளிலிருந்து வீட்டுக்குள்ளும் கழற்றவில்லை. நிலையக் கழிப்பறைகளுக்குப் பெரும்பாலும் ஒரு யூரோ கேட்பார்கள், ரயிலுக்குள் இலவசம். இறங்குவதற்குப் பத்து நிமிடம் முன்பே போய்வரச் சொல்லிவிடுங்கள். ரயில் மாறும் இடங்களில் ஐந்து நிமிட இணைப்பை நம்ப வேண்டாம், இருபது நிமிடமாவது இருக்கட்டும். லிஃப்ட் வேலை செய்யாத நாளும் உண்டு.

மருந்துகளை மருத்துவர் சீட்டோடு முழு நாட்களுக்கும் கொண்டுவரச் சொல்லுங்கள். வார இறுதியில் உயிருக்கு ஆபத்தில்லாத உடல்நலக் கோளாறு என்றால் 116117 என்ற எண்ணில் முறை மருத்துவரைக் கேட்கலாம். அவசரம் என்றால் 112. அது எல்லை தாண்டினாலும் அதே எண்.

இனி, எங்கே அழைத்துப் போவது? பெற்றோருக்கு எது பிடிக்கும் என்று நாம் நினைப்பது பெரும்பாலும் தப்பு. கொலோன் தேவாலயத்தின் முன் அப்பா இரண்டு நிமிடம் நின்றார், "பெரியது" என்றார், அவ்வளவுதான். அவர் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வுபெற்றவர். வால்ஸ் மலைக்கு அழைத்துப் போன அன்றுதான் அவருக்கு ஐரோப்பா பிடித்தது.

ஜெர்மனி, நெதர்லாந்து, பெல்ஜியம் மூன்றும் சந்திக்கும் புள்ளி அந்த மலைமேல் இருக்கிறது. ஐரோப்பாவில் இருக்கும் நெதர்லாந்து நிலத்தின் மிக உயரமான இடமும் அதுதான், ஆனால் வெறும் 322 மீட்டர். ஆகனிலிருந்து வால்ஸ் வரை நகரப் பேருந்து, அங்கிருந்து மேடேறி முக்கால் மணி நேர நடை. நாங்கள் டாக்சியில் ஏறி, நடந்து இறங்கினோம். அப்பா எல்லைக்கல்லை மூன்று தடவை சுற்றிவந்தார். குனிந்து அடியில் எழுத்து இருக்கிறதா என்று பார்த்தார். "இதற்கு சர்வே எண் எங்கே?" என்று கேட்டார். ஒரு காலத்தில் இங்கே நான்கு எல்லைகள் சந்தித்தன என்று சொன்னேன். நெப்போலியன் வீழ்ந்த பிறகு, துத்தநாகச் சுரங்கம் இருந்த ஒரு துண்டு நிலம் யாருக்கு என்று நெதர்லாந்தும் பிரஷ்யாவும் ஒத்துவராமல் 1816இல் அதை இருவருக்கும் பொதுவாக விட்டுவிட்டார்கள். 1920இல் பெல்ஜியத்தோடு சேரும்வரை அது நடுநிலை மோரெஸ்னே என்ற பெயரில் தனியாகக் கிடந்தது.

"நூறு வருஷம் புறம்போக்கு" என்றார் அப்பா. இரு நாட்டு அரசர்களுக்கும் சேர்த்து ஒரு பட்டா போட்டுக் கொடுக்க ஆள் இல்லாமல் போய்விட்டதே என்ற வருத்தம் அவர் முகத்தில் உண்மையாகவே இருந்தது. அன்று மாலை அவருடைய பழைய அலுவலக வாட்ஸ்அப் குழுவில் அந்தக் கல்லின் படம் பன்னிரண்டு கோணங்களில் போனது.

அம்மாவுக்கு வேறு. இரண்டரை மணி நேர விதியை நான் மீறிய ஒரே பயணம் அது. ஆகனில் ஏறினால் ஆர்.இ.1 ரயில் கொலோன், டுசல்டார்ஃப், எசன், டோர்ட்மண்ட் என்று போய் ஹம் நகரில் முடியும். சுமார் மூன்று மணி நேரம், ஆனால் எங்கும் மாற வேண்டாம். ஹம்மின் ஊன்ட்ராப் பகுதியில், தொழிற்பேட்டைக் கொட்டகைகளுக்கு நடுவே திடீரென்று ஒரு கோபுரம் எழும்பி நிற்கும். ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயில். போருக்குத் தப்பி வந்த ஈழத்தமிழர்கள் எழுப்பியது. 2002இல் குடமுழுக்கு நடந்தது. கோடைத் தொடக்கத்தில் தேர்த்திருவிழா, தீர்த்தத்துக்குப் பக்கத்தில் ஓடும் கப்பல் கால்வாய். திருவிழா நாளில் ஆயிரக்கணக்கானோர் கூடுவார்கள். பெரியவர்களோடு போவதானால் சாதாரண நாளே நல்லது. நிலையத்திலிருந்து பேருந்து அடிக்கடி வராது, நடை திறந்திருக்கும் நேரத்தோடு அதையும் பொருத்திப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

வாசலில் ஷூவைக் கழற்றியதும் அம்மா கல் தரையில் வெறுங்காலை ஒரு நிமிடம் அழுத்தி வைத்துக்கொண்டு நின்றார். குளிர் தாங்குமா என்று கேட்டேன், பேசாதே என்று கையைக் காட்டினார். உள்ளே யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர், எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று கேட்கத் தொடங்கினார். மூன்று வாரமாக என்னையும் அப்பாவையும் தவிர வேறு யாரிடமும் பேசாமலிருந்த அம்மா, அந்தப் பிற்பகல் முழுவதும் பேசினார். நான் பார்த்துவைத்திருந்த பேருந்து போயிற்று. அடுத்ததும் போயிற்று. கடைசிக்கு முந்தைய ரயிலைத் தேர்ந்தெடுத்துவைத்ததன் பயன் அன்று தெரிந்தது. கடைசி ரயிலில் வீடு வந்தோம்.

படி 7: திரும்பிய இரவு

தூங்கும் முன் இரண்டு வேலை. ஒன்று கணக்கு. யார் யாருக்கு எவ்வளவு என்று அன்றிரவே பிரித்து அனுப்பிவிடுங்கள். புதன்கிழமைக்குள் கேட்காத கடன் வராது, புதன்கிழமைக்கு மேல் கேட்டால் நட்பு வராது.

இன்னொன்று தாமதம். தனி டிக்கெட் வாங்கியிருந்தால், ரயில் 60 நிமிடத்துக்கு மேல் தாமதித்தால் விலையில் 25 விழுக்காடும், 120 நிமிடத்துக்கு மேல் தாமதித்தால் 50 விழுக்காடும் திரும்பக் கிடைக்கும். மலிவு விலையில் ஒரு குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும் வாங்கிய டிக்கெட்டில், சேருமிடத்துக்குப் போய்ச் சேர 20 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகும் என்று தெரிந்தால் வேறு ரயிலில் ஏறலாம். டாய்ச்லாண்ட் டிக்கெட்டுக்கு இந்தத் தாராளம் இல்லை. ஒரு மணி நேரத் தாமதத்துக்கு 1.50 யூரோ, அதையும் 4 யூரோ சேராமல் தர மாட்டார்கள். ஆகவே மூன்று தாமதங்களைச் சேர்த்துவைத்துக்கொண்டு ஒன்றாக அனுப்ப வேண்டும். என்னிடம் இப்போது இரண்டு இருக்கின்றன. இந்தச் சனிக்கிழமை மோன்ஷாவ் பக்கம் போவதாக இருந்தோம். மூன்றாவதையும் பிடித்துவிடும் எண்ணத்தில் கோப்லென்ஸுக்கு மாற்றியிருக்கிறோம்.